இடிக்காம விட்ட ஒரு பீப்பாய் ஆலை

மூணு வருஷத்துக்கு முன்னாடி நடந்த ஒரு சொதப்பல்ல ஆரம்பிக்கிறேன். எங்க ப்ராஜெக்ட்ல ஒரு பழைய ரிப்போர்ட் இருந்தது. எழுதின மனுஷன் வேலையை விட்டுப் போய் பல வருஷம் ஆச்சு. டாக்குமெண்ட் கிடையாது, கமெண்ட் கிடையாது. லாக் எடுத்துப் பார்த்தா, ஆறு மாசமா யாரும் அதைத் திறக்கவே இல்லை. "இதைத் தூக்கிடலாம்"னு மீட்டிங்ல சொன்னது அடியேன்தான். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் தூக்கியும் போட்டாச்சு.

திங்கக்கிழமை காலைல கிளையண்ட்டோட கிடங்குலேர்ந்து போன். அங்க ஒருத்தர் தினமும் காலைல அந்த ரிப்போர்ட் எழுதி வைக்கிற ஃபைலை நேரா சர்வர்லேர்ந்து எடுத்து, அதை வெச்சுத்தான் எந்த லாரி முதல்ல போகணும்னு முடிவு பண்ணிட்டு இருந்திருக்கார். ஸ்கிரீன் வழியா அவர் வரவே இல்லை, அதனால எங்க லாக்ல அவர் இல்லை. அன்னிக்கு மத்தியானம் வரைக்கும் லாரிகள் அப்படியே நின்னுச்சு. நான் வாங்கின திட்டு தனிப் பதிவு :-)

சரி, இதுக்கும் சரித்திரத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கறீங்களா? பழைய கட்டடங்களை இடிக்காம வேற வேலைக்கு மாத்துறது பத்தி கொஞ்ச நாளா படிச்சிட்டு இருக்கேன். அதுல ஒரு கதை வந்ததும் அந்தக் கிடங்குக்காரர் ஞாபகம் வந்துட்டார். நான் செய்யாம விட்ட ஒரு வேலையை 1976ல பிரேசில்ல ஒரு பொம்பளை செஞ்சிருக்காங்க. லினா போ பார்டின்னு பேர்.

இடம் சாவோ பாவுலோ நகரம், பொம்பேயா பகுதி. 1938ல ஒரு ஜெர்மன் நிறுவனம் அங்க ஒரு டிரம் ஆலை கட்டினாங்க. டிரம்னா மேளம் இல்லீங்க, எண்ணெய் ஊத்தி வைக்கிற தகர பீப்பாய். பிற்பாடு கை மாறி, அதே கூரைக்குக் கீழ குளிர்சாதனப் பெட்டி செஞ்சாங்க. 1971ல அந்த இடத்தை 'செஸ்க்'ங்கிற அமைப்பு வாங்குச்சு. கடை, வணிக நிறுவனங்கள்ல வேலை பார்க்கிறவங்களோட நலனுக்காக 1946ல உருவான அமைப்பு இது. அந்தத் துறை முதலாளிகள் சம்பளப் பட்டியல்ல 1.5 சதவீதம் கட்டாயமா இதுக்குக் கட்டணும். அந்தக் காசுலதான் விளையாட்டு, நாடகம், பல் வைத்தியம், நூலகம்னு நடத்துறாங்க.

செஸ்க்கோட முதல் எண்ணம் ரொம்ப நேரானது. ஆலையை இடி, புதுசா ஒரு பொழுதுபோக்கு மையம் கட்டு. இடிக்கிறதுக்கு நாள் இருந்ததால, அதுவரைக்கும் சும்மா கிடக்க வேண்டாம்னு பழைய கொட்டகைகள்ல ஜனங்களை விட ஆரம்பிச்சாங்க.

1976ல லினாவைக் கூப்பிட்டுக் காட்டுறாங்க. முதல் தடவை போனப்ப அவங்க பார்த்தது ஒரு கட்டடக் கலைஞர் பார்க்கிறதைத்தான். வரிசையா செங்கல் கொட்டகைகள், நடுவுல ஒரு தெரு, உள்ளே மெலிசான கான்கிரீட் தூண்கள். 1892ல கான்கிரீட்டுக்குள்ள இரும்பு வெச்சுக் கட்டுற முறைக்குக் காப்புரிமை வாங்கின பிரெஞ்சுக்காரர் ஹென்னபிக்கோட பாணி அது. பிரேசில்ல அரிதான சமாச்சாரம். "இதைக் காப்பாத்தணும்"னு தோணிச்சு. இதோட முடிஞ்சிருந்தா, இன்னொரு பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புக் கதையா இருந்திருக்கும்.

இரண்டாவது தடவை போனது ஒரு சனிக்கிழமை. அன்னிக்கு ஆலை காலியா இல்லை. குழந்தைங்க ஓடிட்டு இருக்காங்க. ஓட்டைக் கூரை வழியா மழைத் தண்ணி கொட்டுது, அந்தத் தண்ணியிலேயே பசங்க சிரிச்சுக்கிட்டே பந்து உதைக்கிறாங்க. வாசல் பக்கம் அம்மாக்கள் கறி சுட்டுக்கிட்டும், ரொட்டிக்கு நடுவுல எதையோ வெச்சுக் கட்டிக்கிட்டும் இருக்காங்க. ஒரு மூலையில பொம்மலாட்டம். அதைப் பார்த்ததும் லினா முடிவு பண்ணினது, இது எல்லாம் இப்படியே தொடரணும்ங்கிறது. பிற்பாடு அவங்களே இதை எழுதி வெச்சிருக்காங்க. அதுக்கப்புறம் பல சனி ஞாயிறுகள்ல போய், யார் எங்க உட்கார்றாங்க, என்ன பண்றாங்கன்னு பார்த்துட்டுத்தான் பேனாவை எடுத்திருக்காங்க.

என்னை உலுக்கின இடம் இதுதான். அந்த ஓட்டைக் கூரை ஜனங்க எந்தக் கணக்குலயும் வராதவங்க. காகிதத்துல அது மூடிப் போன ஆலை. எங்க லாக்ல வராத கிடங்குக்காரர் மாதிரி.

லினாவுக்கு இப்படிப் பார்க்கிற கண்ணு எங்கேர்ந்து வந்துச்சு? 1914ல ரோம்ல பிறந்தவங்க. 1939ல கட்டடக்கலை படிச்சு முடிச்சு மிலானுக்குப் போறாங்க. அப்ப உலகப்போர். கட்டுறதுக்கு எதுவும் இல்லை, இடியறதுதான் நடக்குது. 1943ல குண்டுவீச்சுல அவங்களோட அலுவலகமே போச்சு. 1946ல கணவர் பியெத்ரோ மரியா பார்டியோட பிரேசிலுக்குக் கப்பல் ஏறினாங்க, 1951ல அந்த நாட்டுக் குடிமகள் ஆனாங்க. சாவோ பாவுலோவின் பாலிஸ்டா அவென்யூவுல, கீழே 70 மீட்டருக்கு மேல தூணே இல்லாம அந்தரத்துல நிக்கிற கலை அருங்காட்சியகம் இவங்க வடிவமைச்சதுதான். அது 1968ல திறந்தது.

ஆனா பொம்பேயாவுக்கு ஒத்திகைன்னு பார்த்தா, அது வடகிழக்குல சால்வடார் நகரத்துல நடந்தது. கடலோரத்துல சர்க்கரை வியாபாரம் நடந்த பழைய காலனிக் கால வளாகம் ஒண்ணு, பேர் சோலார் டோ உன்யாவ். அதை 1963ல நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகமா மாத்தினாங்க. உள்ளே ஒரு மரப்படிக்கட்டு செஞ்சாங்க பாருங்க, ஆணியே கிடையாது. மாட்டு வண்டி செய்யுற தச்சர்கள் எப்படி மரத்துல துளை போட்டு மரத்தையே செருகி ஆப்பு அடிப்பாங்களோ, அதே முறை. நம்ம ஊர் வண்டிப் பட்டறையைப் பார்த்தவங்களுக்கு அந்தப் படிக்கட்டோட போட்டோ பார்த்தா உடனே புரியும். 1964ல ராணுவம் ஆட்சியைப் பிடிச்சதும் லினா அந்த வேலையை விட்டு வெளியேற வேண்டியதாப் போச்சு. பொம்பேயா கைக்கு வந்தப்ப வயசு 61.

1977லேர்ந்து வேலை. அலுவலகத்தைக் கட்டுமான இடத்துக்கே மாத்திட்டாங்க. கூட இரண்டு இளைஞர்கள், அந்த்ரே வைனர், மார்செலோ ஃபெராஸ். கொத்தனாரும் தச்சரும் சொல்றதைக் கேட்டு, பல முடிவுகளை இடத்துலேயே எடுத்தாங்க. கிட்டத்தட்ட ஒன்பது வருஷம் இப்படியே.

செஞ்சது என்ன? முதல்ல உரிச்சாங்க. சுவர்ல இருந்த பூச்சை எல்லாம் மணலைப் பீய்ச்சி அடிச்சு எடுத்து, செங்கலையும் கான்கிரீட்டையும் வெளியே காட்டினாங்க. கூரையில அங்கங்க கண்ணாடி ஓடு போட்டு வெளிச்சத்தை இறக்கினாங்க. பெரிய கொட்டகைக்குத் தடுப்பு போட்டு அறை அறையாப் பிரிக்கலை. தரையில வளைஞ்சு போற ஒரு சின்ன நீரோடை வெட்டி, பிரேசிலோட பெரிய நதி சாவோ பிரான்சிஸ்கோ பேரை வெச்சாங்க. பக்கத்துல ஒரு கணப்பு. அவ்ளோதான். தண்ணியும் நெருப்பும் இருந்தா ஜனங்க தானா வந்து சுத்தி உட்காருவாங்கங்கிற கணக்கு. படிக்கிறவங்களுக்கு நடுவுல கான்கிரீட் மேடைகள். ஒருத்தர் சதுரங்கம் ஆடுவார், ஒருத்தர் தூங்குவார், ஒரு குழந்தை ஓடைல கால் விடும். சும்மா உட்கார்றதுக்குக் கட்டணமும் கிடையாது, "என்ன வேணும்"னு கேட்கிற ஆளும் கிடையாது.

இன்னொரு கொட்டகை நாடக அரங்கு ஆச்சு. நடுவுல மேடை, இரண்டு பக்கமும் ஜனங்க. நாற்காலி எல்லாம் வெறும் மரம், மெத்தை இல்லை. உட்கார்ந்தா முதுகு வலிக்குதுன்னு புகார் வந்தப்ப, பழைய கிரேக்க ரோமானிய அரங்குகள்ல கல்லுல உட்கார்ந்துதானே பார்த்தாங்கன்னு லினா பதில் சொன்னாங்க. (இந்த விஷயத்துல மட்டும் நான் முதுகு வலிக்காரங்க கட்சி.) மீதிக் கொட்டகைகள்ல மண்பாண்டம், மரவேலை, அச்சு, புகைப்படப் பட்டறைகள். சாப்பாட்டுக் கூடத்துல நீள நீள மேஜை, முன்பின் தெரியாதவங்க பக்கத்துல உட்கார்ந்துதான் சாப்பிடணும்.

இந்தப் பகுதி 1982ல திறந்தது. அப்புறம்தான் நிஜமான தலைவலி. விளையாட்டுக்கு இடம் வேணும். மிச்சமிருந்த நிலத்துக்கு நடுவுல, பூமிக்கடியில ஒரு மூடின ஓடை. அது மேல எதுவும் கட்டக்கூடாதுன்னு விதி. ஓடைக்கு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்தான் நிலம். வேற யாராவது இருந்தா கொட்டகைல இரண்டை இடிச்சிருப்பாங்க. லினா மேல போனாங்க. இரண்டு பக்கமும் இரண்டு கான்கிரீட் கோபுரம். ஒண்ணுல அடியில நீச்சல் குளம், அதுக்கு மேல நாலு ஆடுகளம். இன்னொண்ணுல படிக்கட்டு, லிஃப்ட், உடை மாத்துற அறைகள். இரண்டுக்கும் நடுவுல, ஓடைக்கு மேல வானத்துல, நாலு மட்டத்துல கான்கிரீட் நடைபாலங்கள். உடை மாத்திட்டு விளையாடப் போறவன் அந்தரத்துல மழையையும் காத்தையும் வாங்கிக்கிட்டுத்தான் போகணும். விதி தடுத்த இடம்தான் அந்த வளாகத்தோட முகமே ஆச்சு. ஓடை மேல மரப்பலகை மட்டும் பரப்பினாங்க. கடல் இல்லாத அந்த ஊர்ல ஜனங்க அதுல படுத்து வெயில் காய்வாங்க. அதுக்கு 'கடற்கரை'ன்னே பேர்.

ஆடுகளக் கோபுரத்துல ஜன்னல் இல்லை. குகை வாய் மாதிரி கோணல்மாணலா ஓட்டைகள், கண்ணாடியே இல்லாம, சிவப்புச் சாயம் அடிச்ச மரச்சட்டகக் கதவோட. ஏசி வேண்டாம், காத்து வரட்டும்ங்கிறது அவங்க எண்ணம். நாலு களத்துக்கும் நாலு பருவ காலத்தோட பேர். சாம்பியன்களுக்காக இல்லாம, சும்மா விளையாட வர்றவங்களை நினைச்சுக் கட்டினது. பக்கத்துல ஆலைப் புகைபோக்கியை ஞாபகப்படுத்துற மாதிரி 70 மீட்டர் உயரத் தண்ணித் தொட்டி. வளையம் வளையமா வார்த்தது, ஒவ்வொரு மூட்டிலும் கான்கிரீட் வழிஞ்ச தடம் சரிகை மாதிரி அப்படியே நிக்குது. இந்தப் பகுதி 1986ல முடிஞ்சது.

தேதிகளைக் கவனிச்சீங்களா? பிரேசில்ல ராணுவ ஆட்சி 1964லேர்ந்து 1985 வரைக்கும். நாலு பேர் கூடினாலே சந்தேகமாப் பார்த்த ஒரு காலத்தோட கடைசி வருஷங்கள்ல, யார் வேணா வந்து எவ்வளவு நேரம் வேணா உட்காரலாம்னு ஒரு இடம் நகரத்துக்கு நடுவுல திறக்குது. 1982 நவம்பர்ல நகரத்தோட பங்க் இசைப் பசங்க அங்க இரண்டு நாள் விழா எடுத்தாங்க, 'உலக முடிவின் ஆரம்பம்'ங்கிற பேர்ல. போலீஸ் வந்து அடிதடியில முடிஞ்சது. லினா இந்த வளாகத்தைக் 'கோட்டை'ன்னு கூப்பிட்டது ஏன்னு அப்ப புரியுது.

ஆலையை, ஸ்டேஷனை மாத்துறது உலகத்துல புதுசு இல்லை. பாரிஸ்ல 1900ல கட்டின ஆர்சே ரயில் நிலையம் 1986ல அருங்காட்சியகம் ஆச்சு. லண்டன்ல பேங்க்சைடு மின் நிலையம் 2000ல டேட் மாடர்ன் ஆச்சு. பார்சிலோனா பக்கத்துல ரிகார்டோ போஃபில் 1970கள்ல ஒரு சிமெண்ட் ஆலையைத் தன் வீடாவும் அலுவலகமாவும் மாத்திக்கிட்டார். மூணுமே அசத்தல். ஆனா மூணுலயும் காப்பாத்தினது கட்டடத்தை. உள்ளே வந்தது வேற வாழ்க்கை. பொம்பேயாவுல ஏற்கனவே உள்ளே இருந்த வாழ்க்கையைக் காப்பாத்தினாங்க. கட்டடம் அதுக்காக மாறிச்சு.

ஒரு நியாயத்தையும் சொல்லணும். செஸ்க்குக்கு நிரந்தர வருமானம் இருந்தது, லாபம் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை, ஒன்பது வருஷம் பொறுமையும் இருந்தது. இந்த மூணும் இல்லாத இடத்துல எவ்வளவு பெரிய லினா வந்தாலும் கொட்டகை இருந்த இடத்துல ஷாப்பிங் மால்தான் முளைச்சிருக்கும். மேதைமையை மட்டும் பாராட்டிட்டு அந்த 1.5 சதவீதத்தை மறந்துட்டா கதை பாதிதான்.

லினா 1992ல காலமானாங்க. 2015ல பிரேசில் அரசு இந்த வளாகத்தைத் தேசியப் பாரம்பரியமா அறிவிச்சது. 2021ல வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சியில அவங்களுக்கு மறைவுக்குப் பின்னான தங்கச் சிங்கம் விருது. சந்தோஷம்தான். ஆனா ஒரு சின்ன உறுத்தல். பட்டியல்ல சேர்ந்தா செங்கலையும் ஓட்டையையும் யாரும் தொட முடியாது, நல்லது. அந்த மேஜைல எதுவும் வாங்காம மூணு மணி நேரம் சதுரங்கம் ஆடுற பெரியவரை எந்தப் பட்டியல் காப்பாத்தும்? அவரை எழுப்பி விட்டுட்டா செங்கல் மட்டும் பத்திரமா இருந்து என்ன பிரயோஜனம்?

என் பங்குக்கு, அந்தக் கிடங்குக்காரரை அப்புறம் ஒரு தடவை நேர்ல போய்ப் பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்து, அவர் அந்த ஃபைலை என்னதான் பண்றார்னு பக்கத்துல உட்கார்ந்து ஒரு காலைப் பொழுது முழுக்கப் பார்த்தேன். ரிப்போர்ட்ல அவருக்கு வேண்டியது நாலே நாலு காலம். அதை மட்டும் வெச்சு மீதியைத் தூக்கினோம். இப்ப அந்த ரிப்போர்ட் பத்து நிமிஷத்துக்குப் பதிலா இருபது வினாடியில ஓடுது. முதல் வெள்ளிக்கிழமையே போயிருந்தா லாரி நின்னிருக்காது.

உங்க ஊர்ல மூடிக் கிடக்கிற மில்லோ, கொட்டகையோ, ஸ்டேஷனோ இருந்தா, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போய் எட்டிப் பாருங்க. உள்ளே யார் இருந்தாங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க.