கணிப்பான் நிரலின் முன்வரலாறு

நிரலாக்கம் பயிலத் தொடங்குவோருக்கு முதற்பயிற்சிகளுள் ஒன்றாகத் தரப்படும் கணிப்பான் நிரல், இரண்டு எண்களையும் ஒரு செயற்குறியையும் பெற்று விடை சொல்லும் அளவில் சில வரிகளில் முடிந்துவிடுகிறது. ஆனால் 2+3×4 என்னும் கோவையை முழுதாக உள்ளிட்டால், இடமிருந்து வலமாகக் கணக்கிட்டுக்கொண்டே செல்லும் நிரல் 14 என்பதற்குப் பதிலாக 20 என்று தவறான விடையைத் தருகிறது. கூட்டலுக்கு முன் பெருக்கலைச் செய்ய வேண்டும் என்னும் முன்னுரிமை விதியைப் பொறிக்குப் புகட்டுவது கணினியின் தொடக்ககாலச் சிறந்த அறிஞர்களையே உழைக்கவைத்த சிக்கலாகும்.

ஜான் பேக்கஸ் தலைமையிலான ஐபிஎம் குழு 1957இல் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியின் தொகுப்பி, அதாவது மனிதர் எழுதும் நிரலைப் பொறிமொழிக்கு மாற்றும் மென்பொருள், கூட்டல் குறியின் இருபுறமும் மிகுதியான அடைப்புக்குறிகளையும் பெருக்கல் குறியின் இருபுறமும் குறைவான அடைப்புக்குறிகளையும் செருகி இவ்விதியை நிலைநாட்டியது. அதே ஆண்டில் ஜெர்மனியில் ஃபிரீட்ரிக் பவரும் கிளாவுஸ் சாமெல்சனும் காப்புரிமை கோரிய முறை இதைவிடத் தெளிவானது. கடைசியாக வைத்ததையே முதலில் எடுக்கும் ‘அடுக்கு’ என்னும் சேமிப்பு முறை அதன் அடிப்படையாகும். ஆம்ஸ்டர்டாமில் அல்கால் 60 மொழிக்குத் தொகுப்பி அமைத்த எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, 1961இல் விளக்கிய தம் வழிமுறையை ரயில் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் தடத்துடன் ஒப்பிட்டார். அதன்படி எண்கள் நேரே செல்ல, கூட்டல் குறி அடுக்கில் காத்திருக்கும். பின்னர் வரும் பெருக்கல் குறி முன்னுரிமை மிக்கதாதலால் அதன்மேல் அமர்ந்து, முதலில் வெளியேறி 12ஐத் தர, கூட்டல் குறி இறுதியில் 14ஐத் தரும்.

பெல் ஆய்வகத்தில் ராபர்ட் மாரிஸும் லோரிண்டா செர்ரியும் உருவாக்கிய ‘டிசி’ என்னும் யூனிக்ஸ் கணிப்பான், 2 3 4 × + என எண்களுக்குப் பின்னரே செயற்குறியை எழுதச் செய்து, முன்னுரிமைக்கும் அடைப்புக்குறிக்கும் தேவையே இல்லாமற் செய்தது. கெர்னிகனும் ரிட்சியும் 1978இல் வெளியிட்ட சி மொழி நூலின் கணிப்பான் இவ்வகையினதே. கெர்னிகனும் ராப் பைக்கும் 1984இல் எழுதிய யூனிக்ஸ் நூலிலோ, நான்கு அடிப்படைச் செயல்களுடன் தொடங்கும் ‘ஹாக்’ என்னும் கணிப்பான், ஆறு கட்டங்களில் ஒரு சிறு நிரல்மொழியாகவே வளர்கிறது. கணிப்பானுக்கும் தொகுப்பிக்கும் உள்ள உறவை இதைவிட நன்றாகக் காட்டும் பாடம் அரிது.

பைத்தான் மொழியின் ‘இவால்’ செயற்கூறு கோவை முழுவதையும் ஒரே வரியில் கணித்துவிடுவதால், இன்றைய மாணவர் இவ்வழிமுறைகளை அறியாமலே விடையைப் பெற இயலும். ஆயினும் எண்களுக்கு ஓர் அடுக்கும் குறிகளுக்கு ஓர் அடுக்கும் அமைத்து ஒருமுறையேனும் கணிப்பானைத் தாமே எழுதிப் பார்க்க ஆசிரியர்கள் அவர்களைத் தூண்ட வேண்டும்.