நோயாளியிடம் வருமானச் சான்று கேட்கலாமா? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியும் பதிவும்

தமிழ்நாட்டில் ஒரு குடும்பம் அரசின் மருத்துவக் காப்பீட்டில் சேர மூன்று ஆவணங்கள் கேட்கப்படுகின்றன: குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று. முதல் இரண்டும் ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் இருக்கின்றன. மூன்றாவதைத் தேவை வரும்போது விண்ணப்பித்துத்தான் வாங்க வேண்டும். ஏழைகளுக்கென்று வகுத்த ஒரு திட்டத்தில் ஏழையை வாசலில் நிறுத்தி வைப்பது இந்த மூன்றாவது ஆவணம். அது வறுமையை அளக்கவில்லை; அதை நோயாளியிடம் கேட்காமலே தகுதியை முடிவு செய்ய அரசிடம் இன்றைக்கே வழி இருக்கிறது. இவ்விரண்டையும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இன்றைய திட்டத்தின் வேர் 2009 ஜூலையில் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கிறது. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களையும், 26 நல வாரியங்களின் உறுப்பினர்களையும் அது சேர்த்துக்கொண்டது. ஆட்சி மாறிய பிறகு, 2012 ஜனவரி 11 முதல், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனத்தின் வழியாக அது நடந்து வருகிறது. 2018-ல் ஒன்றிய அரசின் பிரதமர் ஜன் ஆரோக்கிய திட்டத்தோடு இணைந்தது. காப்பீட்டுத் தொகை குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உயர்ந்தது. இத்தனை மாற்றங்களுக்கு நடுவிலும் வருமான உச்சவரம்பு மட்டும் 12 ஆண்டுகளுக்கு மேல் 72,000 ரூபாயிலேயே நின்றது. 2022 ஜனவரியில் தொடங்கிய புதிய ஒப்பந்தக் காலத்தில்தான் அது 1,20,000 ஆனது. இரு பெரும் கட்சிகளும் மாறி மாறிக் காத்து வளர்த்த திட்டம் இது. அதன் மீதான என் மதிப்பில் குறைவில்லை. குறை சொல்வது அதன் நுழைவாயிலைப் பற்றி.

பதிவு நடக்கும் விதத்தைப் பார்ப்போம். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரைக் கடந்து வட்டாட்சியரிடம் போகிறது. சான்று கைக்கு வந்ததும், குடும்ப அட்டையோடும் அதில் பெயருள்ள அனைவரின் ஆதாரோடும் மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இருக்கும் காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். அங்கே புகைப்படமும் கைரேகையும் எடுக்கிறார்கள். பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஐயம் இருந்தால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். எழுதிப் பார்த்தால் ஐந்தாறு வரிகளில் அடங்கிவிடும் நடைமுறைதான்.

இதே நடைமுறையைச் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸுக்குக் காத்திருக்கும் ஒரு கொத்தனாரின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். காப்பீட்டு அட்டை இல்லை என்பதே மருத்துவமனையில் சேர்க்கையின்போதுதான் தெரிகிறது. மனைவி படுக்கையருகே இருந்தாக வேண்டும். ஓட வேண்டியது மகன். அவன் திருப்பூரிலோ சென்னையிலோ கூலி வேலையில் இருக்கிறான். விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி போகும். ஊருக்குப் போய் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர் அன்று வேறொரு கிராமத்தின் கூடுதல் பொறுப்பில் இருப்பார். சான்று வந்த பிறகு, மருமகளின் பெயர் இன்னும் பிறந்த வீட்டு அட்டையிலேயே இருப்பது தெரியவரும். அதை நீக்கி இங்கே சேர்ப்பது தனி விண்ணப்பம். எல்லாம் முடிந்து பதிவு மையத்துக்கு வந்தால், முப்பது ஆண்டு சிமென்ட் கலவையில் புழங்கிய கையின் ரேகையைக் கருவி ஏற்க மறுக்கும். ஈரத்துணியால் துடைத்து விரல் விரலாக வைத்துப் பார்ப்பார்கள். இங்கே யாரும் தீங்கு நினைக்கவில்லை. ஒவ்வொரு மேசையும் தன் விதிப்படி நடக்கிறது. எல்லா மேசைகளின் நேரத்தையும் கூட்டினால் வரும் நாட்களை நோயாளியின் உடல்தான் தாங்குகிறது. அந்த நாட்களில் குடும்பம் நகையை அடகு வைக்கிறது; பிறகு அட்டை வந்தாலும் அந்தக் கடன் தானாக அடைவதில்லை.

அந்தச் சான்று சொல்லும் எண்ணாவது உண்மையை நெருங்குகிறதா? ஆண்டுக்கு 1,20,000 என்றால் மாதம் 10,000 ரூபாய். நாளைக்கு 700 ரூபாய் கூலிக்கு மாதம் 20 நாள் வேலை கிடைக்கும் ஒருவர் ஆண்டுக்கு 1,68,000 ரூபாய் ஈட்டுகிறார். கணவனும் மனைவியும் சித்தாள் வேலைக்குப் போகும் வீடு இன்னும் எளிதாக வரம்பைத் தாண்டிவிடும். அதாவது வருமானத்தை உள்ளபடி எழுதினால், இத்திட்டம் யாருக்காக வந்ததோ அவர்களில் கணிசமானோர் தகுதி இழப்பார்கள். நடைமுறையில் அப்படி நிகழாததற்குக் காரணம், சான்றில் எழுதும் தொகை வரம்பைப் பார்த்து எழுதப்படுகிறது என்பதுதான். கூலிக்கு ரசீது இல்லை; நிலத்தின் விளைச்சல் ஆண்டுக்கு ஆண்டு மாறும். கண்ணால் பார்த்தும் அக்கம்பக்கத்தில் விசாரித்தும் அலுவலர் ஒரு தொகையை முடிவு செய்கிறார். இதை ஊழல் என்று சுருக்கிவிடக் கூடாது. பல இடங்களில் இது விதியின் கொடுமையைத் தணிக்கும் மனிதத்தன்மை. ஆயினும் அலுவலரின் தயவில் தீர்மானமாகும் ஒன்றை வருமான அளவீடு என்று அழைக்க முடியாது. கேட்டு வாங்கத் தெரிந்தவர்களுக்கும், அறிமுகம் உள்ளவர்களுக்கும், ஓட ஆள் இருப்பவர்களுக்கும் சான்று கிடைக்கிறது. தனியாக வாழும் விதவைக்கும், கணவனைப் பிரிந்து இன்னும் தனி அட்டை வாங்காத பெண்ணுக்கும் அது எட்டுவதில்லை.

அண்டை மாநில அனுபவம் இங்கே பயன்படும். ஆந்திரத்தில் 2007-ல் தொடங்கிய ஆரோக்கியஸ்ரீ திட்டம், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கான வெள்ளை ரேஷன் அட்டையையே தகுதிச் சான்றாக ஏற்றது. தமிழ்நாட்டால் அது இயலவில்லை. காரணம், எல்லோருக்கும் பொது விநியோகம் என்ற நமது நல்ல கொள்கை: யார் கையிலும் அரிசி அட்டை இருக்கும்போது, அட்டை ஏழையைப் பிரித்துக் காட்டாது. அதனால் வருவாய்த் துறையிடம் போக வேண்டியிருந்தது. 2009-ல் இந்த விளக்கம் நியாயமானது. ஆனால் 2016 நவம்பரில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தைத் தமிழ்நாடு ஏற்றபோது, குடும்பங்களை முன்னுரிமை பெற்றவை, பெறாதவை என்று அரசே வகைப்படுத்தியது. இன்றைய ஸ்மார்ட் கார்டை எடுத்துப் பாருங்கள்: படத்துக்குக் கீழே, முன்னுரிமைக் குடும்பமானால் பி.எச்.எச். என்றோ, இல்லையானால் என்.பி.எச்.எச். என்றோ அச்சாகியிருக்கும். தானே முன்னுரிமைக் குடும்பம் என்று முத்திரை குத்திய வீட்டிடம், நீ ஏழை என்பதற்குச் சான்று கொண்டு வா என்று அதே அரசு கேட்பதற்கு எந்த நியாயமும் இல்லை. இந்த வகைப்பாட்டிலும் பிழைகள் உண்டு. எனவே அதில் இடம்பெற்றிருப்பது போதுமான தகுதியாக வேண்டும். இடம்பெறாதது தடையாகக் கூடாது.

வருமானச் சான்றைக் கைவிட்டால் நிர்வாகம் குலைந்துவிடாது என்பதற்கு அரசின் பிற திட்டங்களே சான்று. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்துக்கும் வருமான வரம்பு உண்டு. அது ஆண்டுக்கு 2.5 லட்சம். ஆனால் விண்ணப்பத்தோடு வருமானச் சான்றை இணைக்கத் தேவையில்லை என்றே அரசு அறிவித்தது. ரேஷன் கடைகளை ஒட்டி முகாம்கள் போட்டார்கள். மின் நுகர்வு போன்ற, அரசிடம் ஏற்கெனவே இருந்த தகவல்களோடு ஒப்பிட்டார்கள். ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்கள் தேர்வானார்கள். மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகைக்குப் போதுமான விண்ணப்பதாரரின் சொல், அறுவை சிகிச்சைக்கு மட்டும் ஏன் போதாது?

2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ இன்னும் ஒரு படி மேலே போனது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை வேண்டாம், வருமானம் கேட்பதில்லை, வேறு மாநிலத்தவரா, வெளிநாட்டவரா என்றும் பார்ப்பதில்லை. சாலையில் விழுந்தவரிடம் தாள் கேட்பது அறமல்ல என்று உணர்ந்த அரசு, வீட்டிலேயே மாரடைப்பில் சரிந்தவரிடமும் அதே அறத்தைக் காட்டலாம். காப்பீட்டுத் திட்டத்துக்குள்ளேயே கூட, முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. பட்டியலின் அடிப்படையில் சேர்ப்பது இத்திட்டத்துக்குப் புதிதல்ல.

ஏழைகளுக்கான அமெரிக்க மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட் திட்டத்திலிருந்தும் ஒரு பாடமும் ஒரு எச்சரிக்கையும் கிடைக்கின்றன. 2014 முதல் அங்கே, பதிவு பெற்ற மருத்துவமனைகள் நோயாளியின் வாய்மொழியை ஏற்று அவரைத் தற்காலிகமாகத் தகுதியுள்ளவராகக் கொள்ளலாம். முழு விண்ணப்பம் பின்னால் வரும். எச்சரிக்கை 2023-ல் வந்தது. கொரோனாக் காலத்தில் நிறுத்தி வைத்திருந்த தகுதி மறு ஆய்வு அந்த ஏப்ரல் முதல் மீண்டும் தொடங்கியதும் பல லட்சம் பேர் பட்டியலிலிருந்து விழுந்தார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் வருமானம் கூடியதால் நீக்கப்படவில்லை. படிவம் திரும்பி வரவில்லை, முகவரி மாறிவிட்டது என்பன போன்ற நடைமுறைக் காரணங்களால் நீக்கப்பட்டார்கள்.

எதிர்வாதம் ஒன்று உண்டு: கட்டுப்பாடு தளர்ந்தால் வசதியுள்ளவர்கள் நுழைந்துவிடுவார்கள் என்பது. நுழையட்டும் என்று நான் சொல்லவில்லை. நுழைந்தால் இழப்பு எவ்வளவு என்று கணக்குப் பார்க்கச் சொல்கிறேன். 2022-ல் தொடங்கிய ஒப்பந்தப்படி ஒரு குடும்பத்துக்கு அரசு கட்டும் ஆண்டு பிரீமியம் 849 ரூபாய். தகுதியில்லாத குடும்பம் ஒன்று தவறிச் சேர்ந்தால் ஆண்டு இழப்பு அவ்வளவுதான். மாநிலத்தில் குடும்ப அட்டைகள் 2.2 கோடிக்கு மேல். திட்டத்துக்குள் இருப்பவை சுமார் 1.37 கோடிக் குடும்பங்கள். மீதமுள்ள அத்தனை குடும்பங்களையும் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்தாலும் இன்றைய விகிதத்தில் கூடுதல் செலவு 700 கோடி ரூபாயை ஒட்டியே இருக்கும். அவர்களில் அரசு ஊழியர்களுக்கும் இ.எஸ்.ஐ. பெறும் தொழிலாளர்களுக்கும் வேறு காப்பு இருப்பதால் உண்மைத் தேவை இதைவிடக் குறைவு. தகுதியுள்ள ஒருவரை வெளியே விட்டால் நேரும் இழப்புக்கு இப்படி ஓர் உச்சவரம்பு போட முடியாது.

அட்டை கிடைத்துவிட்டால் செலவே இல்லை என்று சொல்ல வரவில்லை. திட்டம் பெரும்பாலும் உள்நோயாளிச் சிகிச்சைக்கானது. புறநோயாளியாக வாங்கும் மருந்துச் செலவு அதற்கு வெளியே. சில தனியார் மருத்துவமனைகள் திட்டத் தொகைக்கு மேலும் பணம் கேட்பதாக எழும் புகார்களும் தனி ஆய்வுக்கு உரியவை.

ஐந்து ஆண்டு ஒப்பந்தம் 2027 ஜனவரியில் முடிகிறது. அடுத்ததற்கான விதிகளில் மூன்று மாற்றங்களைக் கோரலாம். முன்னுரிமை அட்டை, நல வாரியப் பதிவு, முதியோர் ஓய்வூதியம், நூறு நாள் வேலை அட்டை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருக்கும் குடும்பத்தை விண்ணப்பம் இல்லாமலே சேர்ப்பது. மற்றவர்களுக்குச் சுய உறுதிமொழியை ஏற்று, சரிபார்க்கும் வேலையை வருவாய்த் துறைக்கும் மருத்துவமனைக்கும் இடையிலான கணினிக்கு விடுவது. பதிவு மையத்தை ஆட்சியர் அலுவலகத்தோடு நிறுத்தாமல், ஒவ்வொரு அரசு மருத்துவமனையின் சேர்க்கைப் பிரிவிலும் இரவிலும் ஆள் இருக்கும்படி வைப்பது. சரிபார்ப்பு முடியும் வரை நடக்கும் சிகிச்சையின் செலவு அரசின் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே எழுதினால், முன் அனுமதி தாமதமாகிறது என்று கொத்தனாரின் டயாலிசிஸை யாரும் தள்ளிப்போட வேண்டியிராது.