முப்பருவ மதிப்பீட்டு முறை (தமிழ்நாடு)

தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு அறிமுகமான மதிப்பீட்டு முறை. கல்வியாண்டு மூன்று பருவங்களாகப் பிரிக்கப்பட்டது. பாடநூல்களும் பருவவாரியாகப் பிரிந்து மெலிந்தன. புத்தகப் பையின் சுமை குறைந்ததே பெற்றோர் கண்ணில் முதலில் பட்ட மாற்றம்.

ஒவ்வொரு பருவத்திலும் ஒரு பாடத்துக்கு 100 மதிப்பெண். அதில் 40 வளரறி மதிப்பீட்டுக்கு, 60 பருவ இறுதியில் எழுதும் தொகுத்தறித் தேர்வுக்கு. வளரறி மதிப்பீட்டில் செயல்பாடுகளுக்கு 20, சிறு தேர்வுகளுக்கு 20. இலைகளைச் சேகரித்து நரம்பமைப்பு வாரியாக ஒட்டிவரும் ஏழாம் வகுப்பு மாணவிக்கு அந்த உழைப்பும் மதிப்பெண்ணாகிறது. எழுத்துத் தேர்வில் திணறும் பிள்ளைக்கு இது உண்மையான நீதி.

மதிப்பெண் ஒன்பது தரநிலைகளாக மாற்றப்படுகிறது: 91 முதல் 100 வரை ஏ1, 81-90 ஏ2 என்று தொடங்கி இ2 வரை. வளரறியில் 31, தொகுத்தறியில் 38 பெற்றவருக்கு மொத்தம் 69, தரநிலை பி2. 61 பெற்றவருக்கும் அதே பி2தான். ஓரிரு மதிப்பெண்ணுக்காகப் பிள்ளைகளை ஒப்பிடுவதைக் குறைக்க இது உதவுகிறது. வாழ்க்கைத் திறன், மனப்பான்மை, உடற்கல்வி போன்றவை தனியே தரப்படுத்தப்படுகின்றன.

இம்முறையின் பலம் ஆசிரியரைப் பொறுத்தது. பிள்ளைகள் அதிகமுள்ள வகுப்பில் ஒவ்வொருவரையும் கவனித்துப் பதிவேட்டில் எழுதுவது பெரும் வேலை. நேரமில்லாத இடத்தில் செயல்பாடு வெறும் சார்ட் ஒட்டலாகச் சுருங்கிவிடுகிறது.

இம்முறையின் கீழ் வந்த 5, 8ஆம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு நடத்த 2019இல் எடுத்த முடிவை, கடும் எதிர்ப்புக்குப் பின் 2020 பிப்ரவரியில் அரசு கைவிட்டது.