பாஸுக்கு ஒரு வாசல்

2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது, சென்னை சி-டாக்கில் உருவானது. டூயல் பூட். ஆன் பண்ணினால் எது வேணும்னு கேட்கும். நான் பார்த்தவரை விண்டோஸுக்குத்தான் ஓட்டு.

ஏன் வெர்ச்சுவல் மெஷின் இல்லை? ஐபிஎம் அதை 1960களிலேயே மெயின்ஃப்ரேமில் ஓட்டிவிட்டது. 1999இல் விஎம்வேர் பிசிக்குக் கொண்டுவந்தது. ஆனால் இரண்டு ஓஎஸ்ஸும் ஒரே நேரத்தில் ராமைப் பங்கு போட வேண்டும். அன்றைய 2 ஜிபி எந்த மூலைக்கு? டூயல் பூட்டில் ஓடுவது ஒன்றுதான், மொத்த ராமும் அதற்கே.

ஆனால் லினக்ஸ் ஏற்றும்போது தப்பான பார்ட்டிஷனை அழித்தால் எல்லாம் போச்சு. எனக்குப் போனது ப்ராஜெக்ட், வைவாவுக்கு முந்தின ராத்திரி. விஎம் என்றால் அந்த லினக்ஸே ஒரு ஃபைலுக்குள் இருந்திருக்கும், விண்டோஸ் பக்கம் கையே போயிருக்காது.