கருப்பகாலத்தின் நடு மாதங்கள்

கருவுற்ற 13ஆம் வாரம் முதல் 27ஆம் வாரம் வரையுள்ள பருவம். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து வாரம் எண்ணுவர். நாலு, ஐந்து, ஆறாம் மாதங்கள் என்பது வீட்டு வழக்கு. மசக்கை தணிந்து பசி திரும்புவதால் தாய்க்கு இது இலகுவான காலம். இரத்தசோகை, சர்க்கரை, குழந்தையின் உறுப்புக் குறை ஆகியவற்றைக் கண்டறிய ஏற்ற காலமும் இதுவே. உடம்பு நன்றாயிருக்கிறதென்று சோதனையைத் தள்ளிப்போடலாகாது.

பழைய நூல்களில்

கருவுற்றவளின் வேட்கையைச் சங்க இலக்கியம் 'வயா' என்கிறது. சேர மன்னன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையின் மண்ணை வயாவுற்ற மகளிர் விரும்பி உண்பதன்றிப் பகைவர் கொள்ள இயலாதெனக் குறுங்கோழியூர் கிழார் புறநானூற்று 20ஆம் பாட்டில் புகழ்கிறார். மண் தின்னும் இவ்வேட்கை இரத்தசோகையுள்ள கர்ப்பிணிகளிடம் இன்றும் காணப்படுகிறது.

மாணிக்கவாசகர் திருவாசகத்தின் போற்றித் திருஅகவலில் கரு கடந்துவரும் இடர்களை மாதவாரியாக வரிசைப்படுத்துகிறார். நாலாம் மாதத்துக்குப் பேரிருளையும், ஐந்தாம் மாதத்துக்கு உயிர் நீங்கும் இடரையும், ஏழாம் மாதத்துக்கு மண்ணில் வீழும் இடரையும் சொல்கிறார். திருமந்திரத்தின் இரண்டாம் தந்திரமும் கரு உருவாகும் முறையைத் தனிப்பகுதியாக விளக்குகிறது.

வடமொழிச் சூத்திரங்களில் ஆசுவலாயனம் சீமந்தத்தை நாலாம் மாதத்திலும், பாரஸ்கரம் ஆறு அல்லது எட்டாம் மாதத்திலும் வைக்கின்றன. சீமந்தம் கர்ப்பிணிக்குச் செய்யும் மந்திரச் சடங்கு. வளைகாப்பு பெண்கள் கூடி நடத்தும் தமிழ்நாட்டு மங்கலம். பெரும்பாலும் ஐந்து, ஏழு, ஒன்பது ஆகிய ஒற்றைப்படை மாதங்களில் நடக்கும். கன்னத்தில் சந்தனம் பூசி, கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்கி, கலவைச் சாதங்கள் பரிமாறுவர்.

உடல் மாற்றங்கள்

20ஆம் வாரத்தில் கருப்பையின் மேல்விளிம்பு தொப்புள் மட்டத்துக்கு வரும். தலைச்சன் பிள்ளையின் அசைவு பெரும்பாலும் 18 முதல் 20 வாரங்களில் தெரியும். அடுத்த பிள்ளைகளில் 16ஆம் வாரத்திலேயே உணரலாம். தாயின் இரத்தத்தில் நீர்ப்பகுதி மிகுதியாகக் கூடுவதால் ஹீமோகுளோபின் அளவு தாழும். நெஞ்செரிச்சல், மலச்சிக்கல், இடுப்புவலி, கெண்டைக்கால் பிடிப்பு ஆகியவையும் வரலாம்.

கவனிப்பு

உறுப்புக் குறை காணும் ஸ்கேன் 18 முதல் 20 வாரங்களில் எடுக்கப்படும். ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 24 முதல் 28 வாரங்களுக்குள் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைக் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை பார்ப்பர், 140 மி.கி. அல்லது அதற்கு மேலிருந்தால் கருப்பகாலச் சர்க்கரை நோய்.

60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரையை நாலாம் மாதம் முதல் நாளும் ஒன்றாக 180 நாள் உட்கொள்ள வேண்டும். இதைத் தேநீருடன் சாப்பிட்டால் சத்துச் சேராது. இரத்தப்போக்கு, நீர் உடைதல், கடுந்தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், அசைவு குறைதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இன்றைய நிலை

தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இச்சோதனைகள் இலவசம்; அங்கன்வாடி வழியாகச் சமுதாய வளைகாப்பும் நடக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் உட்பட 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி கிடைக்கிறது.