வாய்ப்பாடும் வாரிசுப் பங்கும்

ஏழெட்டு எத்தனை என்று கேட்டால் நம் பிள்ளைகள் பலர் விழிக்கின்றனர். மனனம் செய்யவில்லையே என்று நாம் கடிந்துகொள்கிறோம். ஓதுவது மார்க்கக் கல்வி, கணக்கு உலகக் கல்வி என்று பிரித்தும் பேசுகிறோம். நம் முன்னோர் அவ்வாறு பிரிக்கவில்லை.

ஒன்பதாம் நூற்றாண்டில் கலீஃபா மஃமூனின் ஆட்சியில் பக்தாதில் வாழ்ந்தவர் அல் குவாரிஸ்மி. அல்ஜீப்ரா என்ற பெயருக்கே மூலமான அவருடைய நூலில் கணிசமான பகுதி, வஸிய்யத்தும் வாரிசுரிமையும் பற்றிய கணக்குகளாகும். காரணம் தெளிவானது. அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12ஆம் வசனங்கள் வாரிசுகளின் பங்குகளைப் பின்னங்களாக வகுத்துள்ளன. ஒருவர் மனைவி, தாய், ஒரு மகன் ஆகிய மூவரை மட்டும் விட்டு இறந்தால், மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று, மீதி மகனுக்கு. எண்மூன்றும் ஆறுநான்கும் 24 என்று அறிந்தவர், சொத்தை 24 பங்காக்கி மனைவிக்கு 3, தாய்க்கு 4, மகனுக்கு 17 எனப் பிரித்துவிடுவார். வாய்ப்பாட்டில் தடுமாறுபவர் பிறருடைய ஹக்கில் தடுமாற நேரும்.

ஆகவே மத்ரஸாக்களில் ஃபராயிளுடன் கணக்கும் கற்பிக்கப்பட்டது. பஅல்பக்கில் 1547இல் பிறந்து இஸ்ஃபஹானில் வாழ்ந்த பஹாவுத்தீன் அல் ஆமிலீ எழுதிய ‘குலாஸதுல் ஹிஸாப்’ இந்திய மத்ரஸாக்களிலும் நெடுங்காலம் பாடநூலாக இருந்தது. ஐந்துக்கும் பத்துக்கும் இடைப்பட்ட எண்களைப் பெருக்க அந்நூல் ஓர் எளிய வழி கூறுகிறது. இரண்டு எண்களையும் கூட்டுக. பத்துக்கு மேற்பட்டதைப் பத்துகளாகக் கொள்க. ஒவ்வோர் எண்ணும் பத்தை எட்ட எவ்வளவு குறைகிறதோ, அவ்விரு குறைகளையும் பெருக்கிச் சேர்த்துக்கொள்க.

ஏழும் எட்டும் 15. பத்துக்கு மேல் 5, அது 50. ஏழுக்குக் குறைவு 3, எட்டுக்குக் குறைவு 2, பெருக்கினால் 6. ஆக 56. ஆறேழையும் இவ்வாறே பார்க்கலாம். கூட்டினால் 13, எனவே 30. குறைகள் 4, 3, பெருக்கினால் 12. ஆக 42.

இதன் பயன் பெரிது. குறைகள் ஒருபோதும் நான்கைத் தாண்டுவதில்லை. ஐந்தாம் வாய்ப்பாடு வரை உறுதியாக ஓதிய பிள்ளை, ஆறு முதல் ஒன்பது வரையிலான கடினமான பெருக்கல்களைத் தானே கண்டுகொள்ளும். மறந்தாலும் அஞ்சாது, மீண்டும் கணக்கிட்டுக்கொள்ளும். பலமுறை கணக்கிட்டது பின்னர் தானாகவே மனத்தில் தங்கிவிடும்.

எனவே முதலில் ஐந்து வரை பிள்ளைகளைச் சேர்ந்து ஓதச் செய்வோம். பின்னர் மஃரிபுக்குப் பின் நாளுக்கு இரண்டு பெருக்கல் வீதம் இம்முறையில் பழக்குவோம். அடியும் ஏச்சும் வேண்டாம். அச்சம் தெரிந்ததையும் மறக்கச் செய்யும். பங்கை நேர்மையாகப் பிரிக்கும் அறிவையும் மனத்தையும் நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.