கடல் கடந்த கல்வி: கொழும்புத் தமிழர் வரலாறு தரும் பாடம்

மாணவரைப் பிறநாடுகளுக்கு அனுப்பி, அங்குள்ள கல்வியையும் வாழ்க்கையையும் அறியச் செய்தல் நன்றா தீதா என்னும் வினா அண்மையில் எழுந்ததன்று. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாழும் தமிழ்ப் பெற்றோர் பாடசாலைகளின் வெளிநாட்டுப் பரிமாற்றப் பயணங்கள் பற்றி இன்று எண்ணுமிடத்து, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே இந்நகர் பெற்ற அனுபவம் அவர்களுக்கு வழிகாட்டத்தக்கது.

இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களிற் பயில்வதற்கான அரசாங்கப் புலமைப்பரிசில் 1870 ஆம் ஆண்டு இலங்கையில் ஏற்படுத்தப்பட்டது. அதனைப் பெற்றுக் கேம்பிரிட்ஜ் கிறைஸ்ற் கல்லூரிக்குச் சென்றவர்களுள் ஒருவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம் (1853-1924). கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையிலே பொன்னம்பலவாணேசர் கோயிலை எழுப்பிய பொன்னம்பல முதலியாரின் மைந்தர் அவர். திறந்த போட்டிப் பரீட்சையின் வழி இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் இலங்கையர் என்னும் சிறப்புடன் 1875 இல் நாடு திரும்பினார்; 1901 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டை நடத்தினார்; 1919 இல் இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவரானார். ஆட்சியாளரோடு அவர்தம் மொழியிலேயே சரிநிகராக நின்று வாதாடும் ஆற்றலை வெளிநாட்டுக் கல்வி அவருக்கு அளித்தது. எனினும் மாணிக்கவாசகரின் பாடல்களை ஆங்கிலத்திற் பெயர்க்கும் ஈடுபாடு இளமையில் வீட்டிலும் கோயிலிலும் ஊன்றியதேயாம்.

இத்திட்டத்தின் மறுபக்கமும் நோக்கற்பாலது. ஆண்டுதோறும் ஓரிருவரே பயன்பெற்றனர். ஆனால் அந்த ஓரிருவரை உருவாக்குவதற்காக முன்னணி ஆங்கிலப் பாடசாலைகளின் கல்வி முழுவதும் இங்கிலாந்தை நோக்கித் திருப்பப்பட்டது. 1880 இல் வந்த கேம்பிரிட்ஜ் பரீட்சைகள் இப்போக்கை மேலும் வலுப்படுத்தின. தமிழும் சிங்களமும் ஒதுக்கப்பட்டன. இக்குறையை உணர்ந்தவர்களுள் அருணாசலமே முதன்மையானவர் என்பது கருதத்தக்கது. 1906 இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தை அமைத்து, உள்நாட்டிலேயே பல்கலைக்கழகம் வேண்டுமென வற்புறுத்தினார். அம்முயற்சி 1921 இற் பல்கலைக்கழகக் கல்லூரியாகவும், 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகமாகவும் கனிந்தது. கடல் கடந்த கல்வியாற் பெரும்பயன் எய்திய ஒருவரே, அதனை மட்டும் நம்பியிருத்தல் ஒரு நாட்டுக்குப் போதாதெனக் கண்டார்.

செல்லும் வயதும் முக்கியமானது. அருணாசலத்தின் தாய்மாமன் மகனாகிய ஆனந்த குமாரசுவாமி 1877 இற் கொழும்பிற் பிறந்து, இரண்டு வயதளவில் ஆங்கிலத் தாயாருடன் இங்கிலாந்து சென்றார். கல்வி முடித்துக் கனிப்பொருள் ஆய்வாளராக இலங்கை வந்தவர், 1905 இல் இலங்கைச் சமூக சீர்திருத்தச் சங்கத்தைத் தோற்றுவித்து, மேனாட்டு நடையுடைகளைச் சிந்தனையின்றிப் பின்பற்றுவதைக் கண்டித்தார். தொலைவில் வளர்ந்தமையாலேயே தாய்நாட்டுக் கலைகளின் அருமை அவருக்குப் புலப்பட்டது எனலாம். ஆயினும் அருணாசலம் பிள்ளைப்பருவத்தில் இயல்பாகப் பெற்றவற்றை, அவர் வளர்ந்தபின் ஆய்வின் வழியே தேடிப் பெறவேண்டியிருந்தது. இறுதியில் அவர் அமெரிக்காவிலேயே தங்கி 1947 இல் அங்கு மறைந்தார்.

இரண்டாம் உலகப்போரின் பின், நாடுகளிடையே பகைமை தணிதல் வேண்டுமென்னும் நோக்குடன் பாடசாலை மாணவர் பரிமாற்றத் திட்டங்கள் பெருகின. பழைய புலமைப்பரிசிலின்படி இங்கிருந்து ஒருவர் சென்றார். அங்கிருந்து எவரும் வரவில்லை. பரிமாற்றம் என்னும் சொல்லுக்கோ இருவழிப் போக்குவரவே பொருள். எனினும் செலவு பெற்றோர்மேல் விழுமாயின் வசதியுள்ளோர் பிள்ளைகளே செல்வர்; துறைமுகத் தொழிலாளியின் பிள்ளை வகுப்பறையிலேயே எஞ்சிவிடும். மேலும், 1983 ஆம் ஆண்டு வன்செயல்களின் பின் கொழும்புத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு வெளிநாடு கல்விக்களமாகவன்றிப் புகலிடமாகவே அமைந்தது. இதனால், சென்ற பிள்ளை திரும்புமா என்னும் ஏக்கம் இங்குள்ள பெற்றோர்க்குத் தனிக்கனம் உடையது.

ஆதலின் பயணத்தை முற்றாக விலக்குதலோ, அதுவே உயர்வென மயங்குதலோ பொருந்தாது. தாய்மொழியில் வேரூன்றிய பின் பிள்ளைகள் செல்லுதல் வேண்டும். தெரிவு தகுதியாலன்றிப் பணத்தால் அமைதலாகாது. அவ்வாறே பிறநாட்டுப் பிள்ளைகளும் கொட்டாஞ்சேனைப் பாடசாலை வாங்கில் அமர்ந்து பயிலும் நிலை வரல் வேண்டும். கொடுப்பதற்கு நம்மிடமும் கல்வியுண்டு என்பதை ஏற்காத பரிமாற்றம், 1870 ஆம் ஆண்டின் ஒருவழிப் பாதையையே மீண்டும் திறப்பதாகும்.